மருந்தக மேலாண்மைக்கான கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிப்பது எப்படி

பங்களிக்க வருபவருக்கு ஜாவா தெரிந்திருக்கலாம், ரியாக்ட் தெரிந்திருக்கலாம், பைத்தானில் நல்ல பழக்கமும் இருக்கலாம். ஆனால் ஓர் அட்டையை வெட்டி ஆறு மாத்திரை மட்டும் கொடுத்த பிறகு இருப்புக் கணக்கில் என்ன எழுத வேண்டும் என்பதை அவர் பெரும்பாலும் யோசித்திருக்க மாட்டார். மருந்தக மென்பொருளில் திருத்தங்கள் திருப்பி அனுப்பப்படுவதற்கு நிரலின் நடையைவிட இந்தக் கேள்விதான் அடிக்கடி காரணமாகிறது. ஆகவே இந்த வழிகாட்டி கிட்ஹப் கணக்கு திறப்பது, கிளை பிரிப்பது போன்ற பொதுவான படிகளை விரைவாகக் கடந்து, மருந்தகத்திற்கே உரிய பகுதியில் அதிக நேரம் நிற்கிறது.

எந்தத் திட்டத்தில் சேர்வது

மருந்தக மென்பொருள் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. மருத்துவமனைக்குள் மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து வழங்குவது ஒன்று. தெருவில் இருக்கும் மருந்துக் கடையில் கொள்முதல், பில், வரி ஆகியவற்றைக் கவனிப்பது மற்றொன்று. கிடங்கிலிருந்து சுகாதார நிலையங்களுக்குச் சரக்கு அனுப்புவது மூன்றாவது. கடை வேலைக்கு இந்தியாவில் உருவான இஆர்பிநெக்ஸ்ட் பொருத்தமானது. பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதியின் எண்), காலாவதித் தேதி, வரி வார்ப்புருக்கள் எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. கிடங்கு வேலைக்கு, பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பு தொடங்கிய ஓப்பன்பாக்ஸஸையும், ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றின் அரசு மருந்து வழங்கலில் பயன்படும் ஓப்பன்எல்எம்ஐஎஸ்ஸையும் பார்க்கலாம். மருத்துவமனை வேலைக்கு, நோயாளிப் பதிவு மென்பொருளான ஓப்பன்எம்ஆர்எஸ், அதன் மேல் கட்டப்பட்ட பாம்னி ஆகிய இரண்டும் நம் சூழலுக்கு நெருக்கமானவை. பாம்னி சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தின் கனியாரியில் உள்ள ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனைக்காகத் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தினர் உருவாக்கியது. அதில் நோயாளியின் மருத்துவப் பதிவு ஓப்பன்எம்ஆர்எஸ்ஸிலும், மருந்து இருப்பும் பில்லும் வணிகக் கணக்கு மென்பொருளான ஓடூவிலும் இருக்கின்றன.

இங்கே ஓப்பன்எம்ஆர்எஸ்ஸை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ரீஜன்ஸ்ட்ரீஃப் நிறுவனமும் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்தும் சேர்ந்து 2004இல் தொடங்கிய திட்டம் அது. புதியவருக்கு வழிகாட்டும் பழக்கம் அங்கே நன்றாக வேரூன்றியிருக்கிறது. அதன் மூன்றாம் தலைமுறை இடைமுகமான ஓ3, டைப்ஸ்கிரிப்டிலும் ரியாக்டிலும் எழுதப்பட்டது. மருந்து வழங்குதலுக்கு ஒரு களஞ்சியமும் (நிரல் கோப்புகள் இருக்கும் இடம்), இருப்பு மேலாண்மைக்கு வேறொரு களஞ்சியமும் தனித்தனியே உண்டு. இந்தப் பிரிவினையை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இருப்பு மேலாண்மையையே பயன்படுத்தாமல், வழங்கிய மருந்தைப் பதிவு செய்தால் போதும் என்றிருக்கும் சிறு மருத்துவமனைகளும் இருக்கக்கூடும்; ஆகவே வழங்குதல் பகுதியில் நீங்கள் எழுதும் எந்த நிரலும் இருப்புப் பகுதி கட்டாயம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிரலைத் திறப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

முதலில் அளவு. மொத்த விற்பனையாளர் பெட்டியாக அனுப்புகிறார், கடைக்காரர் அட்டையாக அடுக்குகிறார், நோயாளி மாத்திரையாக வாங்குகிறார். ஒரு பெட்டிக்கு 10 அட்டை, ஓர் அட்டைக்கு 15 மாத்திரை என்றால் இருப்பு 150 மாத்திரை. இருப்பை அட்டைக் கணக்கில் இரண்டு தசம இடங்களுக்கு வைத்திருக்கும் நிரலில் ஒரு மாத்திரை 0.07 அட்டை ஆகிவிடும்; பதினைந்தையும் ஒவ்வொன்றாக விற்றால் 1.05 அட்டை விற்றதாகக் கணக்கு காட்டும். ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிழை, மாத இறுதியில் இருப்பு எடுக்கும்போது ஊழியர் மீது சந்தேகமாக வந்து விழும். ஆகவே மிகச் சிறிய அலகில், முழு எண்ணாக வைத்து, திரையில் காட்டும்போது மட்டும் அட்டையாகவும் பெட்டியாகவும் மாற்ற வேண்டும். அதே மருந்து ஒரு பேட்சில் 10 மாத்திரை அட்டையாகவும் அடுத்த பேட்சில் 15 மாத்திரை அட்டையாகவும் வருவது உண்டு என்பதால், மாற்று விகிதத்தை மருந்தின் பெயரோடு நிரந்தரமாகக் கட்டிப்போடுவதும் தவறு.

அடுத்தது காலாவதித் தேதி. புதியவர்களின் பிழைகள் குவியும் இடம் இது. இந்திய மருந்து அட்டைகளில் காலாவதி பெரும்பாலும் மாதமும் ஆண்டுமாகவே அச்சிடப்படுகிறது. 08/2026 என்று இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை அந்த மருந்தைப் பயன்படுத்தலாம் என்பது பொருள். நாள் இல்லாத தேதியைத் தரவுத்தளம் ஏற்காது என்பதற்காக நிரலாளர் முதல் தேதியைப் போட்டுவிட்டால், நல்ல மருந்து 30 நாள் முன்னதாகவே விற்பனையிலிருந்து விலக்கப்படும். பட்டைக்குறியீட்டிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஜிஎஸ்1 முறையில் 17 என்ற அடையாள எண்ணுக்குப் பின்னால் காலாவதி ஆறு இலக்கங்களில் வரும். கடைசி இரண்டு இலக்கங்கள் 00 என்று இருந்தால் மாதத்தின் கடைசி நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பொதுவான தேதி நூலகங்களிடம் பூஜ்யமாம் நாளைக் கொடுத்தால் சில பிழை காட்டும், சில சத்தமில்லாமல் முந்தைய மாதத்தின் கடைசி நாளைத் திருப்பித் தரும். இரண்டாவதுதான் ஆபத்தானது.

நேர மண்டலமும் இதே இடத்தில் காலை வாரிவிடும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், 2026 ஆகஸ்ட் 31 நள்ளிரவு தொடக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் பொது நேரத்திற்கு மாற்றும்போது அது ஆகஸ்ட் 30 மாலை 6.30 ஆகிறது, அதிலிருந்து தேதியை மட்டும் வெட்டியெடுக்கும் நிரல் ஒரு நாளைத் தொலைத்துவிடுகிறது. அமெரிக்காவில் உட்கார்ந்து சோதிப்பவருக்கு இந்த வழு தெரியவே தெரியாது. அவருக்குத் தெரிவது இதற்கு எதிர்த்திசையில் நிகழும் வேறொரு வழு. இந்தியாவிலிருந்து பங்களிப்பவரின் கணினி இயல்பாகவே ஒரு சோதனைக் கூடமாக அமைந்துவிடுகிறது என்பதால், தேதி சார்ந்த திரைகளை மட்டும் ஒருமுறை முழுவதுமாகச் சோதித்து அறிக்கை கொடுத்தாலே அது மதிப்புள்ள முதல் பங்களிப்பாகும்.

எந்தப் பேட்சை முதலில் கொடுப்பது என்பதும் நிரலின் பொறுப்புதான். முதலில் வந்தது முதலில் போகட்டும் என்ற சாதாரணச் சரக்குக் கணக்கு மருந்துக்குப் பொருந்தாது. பின்னால் வந்த பேட்ச் முன்னால் காலாவதியாவது உண்டு. முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும். ஆனாலும் மூன்று மாத மருந்து வாங்கும் நோயாளிக்கு இரண்டு மாதத்தில் காலாவதியாகும் பேட்சை நிரல் தானாகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கக் கூடாது. விதியும் விதிவிலக்கும் இப்படி ஒரே திரையில் சந்திப்பதால், நிரல் ஒரு பேட்சைப் பரிந்துரைக்கலாம், முடிவை மருந்தாளுநரிடம் விட வேண்டும் என்பதே என் கருத்து.

இருப்பை ஒரே எண்ணாக வைத்து அதை மாற்றி மாற்றி எழுதும் முறை பழைய நிரல்களில் இன்னும் தென்படுகிறது. இருப்பு 30 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கவுன்ட்டர்களிலும் ஒரே நேரத்தில் திரை திறந்திருக்கிறது. ஒருவர் 10 கொடுத்து 20 என்று எழுதுகிறார். மற்றவர் 15 கொடுத்து, தன் திரையில் இருந்த 30இலிருந்து கழித்து, 15 என்று எழுதுகிறார். உண்மையில் மிஞ்சியிருப்பது 5. வரவும் செலவும் தனித்தனி வரிகளாக ஏறி, அவற்றின் கூட்டுத்தொகையே இருப்பாக இருக்கும் பேரேட்டு முறையும், எழுதும் கணத்தில் இருப்பை மீண்டும் சரிபார்க்கும் பூட்டும் இதற்குத் தீர்வு. தவறாகப் பதிந்த வரியை அழிக்காமல், அதற்கு எதிர்ப்பதிவு போட வேண்டும். மருந்துக் கணக்கில் அழிக்கும் பொத்தான் ஒன்றை வசதிக்காகச் சேர்க்க முன்வருபவரின் திருத்தம் ஏற்கப்படாவிட்டால் அதில் வருத்தப்பட எதுவும் இல்லை.

முதல் வேலையை எடுத்துக்கொள்ளுதல்

ஓ3 முன்பக்கத்தில் வேலை செய்யத் தரவுத்தளம் எதையும் உங்கள் கணினியில் நிறுவத் தேவையில்லை. நோட்.ஜேஎஸ், யார்ன் ஆகிய இரண்டும் இருந்தால், களஞ்சியத்தைப் பிரதியெடுத்து, அதன் அறிமுகக் கோப்பில் உள்ள கட்டளையைக் கொடுத்ததும், திட்டத்தின் பொதுச் சோதனைச் சேவையகத்தைப் பின்பக்கமாகக் கொண்டு அது இயங்கத் தொடங்கும். அந்தச் சேவையகத்தை உலகம் முழுவதிலும் பலர் பயன்படுத்துகிறார்கள் என்பதால், நீங்கள் உருவாக்கிய நோயாளியின் பதிவு மறுநாள் இல்லாமல் போனால் வியப்படைய வேண்டாம். பின்பக்கத்தில், அதாவது ஜாவாவில், வேலை செய்ய நினைப்பவர் டாக்கர் வழியாக முழுத் தொகுப்பையும் தம் கணினியில் இயக்கிக்கொள்வது நல்லது.

வேலைகள், அவற்றைப் பட்டியலிட்டுப் பின்தொடரும் இணையக் கருவியான ஜிராவின் பலகையில் இருக்கும். அறிமுக நிலை என்று குறிக்கப்பட்டு, வேலைக்குத் தயார் என்ற நிலையில், வேறு எவர் பெயரும் இல்லாமல் இருக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு, உங்கள் பெயரைப் போட்ட பிறகே நிரலைத் தொடங்குங்கள். ஒரே நேரத்தில் ஐந்து வேலைகளைத் தன் பெயரில் பிடித்து வைத்துக்கொள்வது அங்கே மரியாதையாகக் கருதப்படுவதில்லை. மருந்து வழங்குதல் பகுதியில் நல்ல தொடக்க வேலைகள் பெரும்பாலும் சிறியவையாகத்தான் இருக்கும்: வடிகட்டும் பட்டியல் சரியாக நினைவில் நிற்காதது, அச்சிடும் சீட்டில் ஒரு வரி வெட்டுப்படுவது, காலியாக விட்ட பெட்டிக்குப் பிழைச் செய்தி வராதது போன்றவை.

அந்தப் பகுதியின் தரவு வடிவத்தைப் புரிந்துகொள்ள மருத்துவத் தரவுப் பரிமாற்றத்திற்கான ஃபையர் (FHIR) தரநிலையில் இரண்டே பக்கங்களைப் படித்தால் போதும்: மருந்து கோரிக்கை, மருந்து வழங்கல். மருத்துவர் எழுதியது முதலாவது. மருந்தாளுநர் செய்தது இரண்டாவது. ஒரு கோரிக்கைக்குப் பல வழங்கல்கள் இருக்கலாம். வழங்கல் நடக்காமல் மறுக்கப்படலாம், நிறுத்தி வைக்கப்படலாம். வழங்கலுக்கான இந்தத் தரவமைப்பு ஓப்பன்எம்ஆர்எஸ் மையத் தளத்தில் 2.6 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பை இயக்கும் மருத்துவமனையைப் பற்றிய வழு அறிக்கையைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

உள்ளூர்ச் சட்டத்தை எங்கே வைப்பது

ஓர் எடுத்துக்காட்டு. எழுதிய மருந்து இருப்பில் இல்லையென்றால் அதற்கு ஈடான வேறொன்றைக் கொடுத்து, அதற்கான காரணத்தையும் பதிவு செய்யும் வசதி ஃபையரிலும் உண்டு, ஓ3 வழங்குதல் திரையிலும் உண்டு. பல நாடுகளில் இது மருந்தாளுநரின் இயல்பான அதிகாரம். இந்தியாவில், மருந்துகள் விதிகள் 1945இன் 65ஆவது விதி, எச், எச்1, எக்ஸ் அட்டவணைகளில் (மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல்கள்) உள்ள மருந்துக்கு எழுதப்பட்ட சீட்டுக்கு, அதே மூலப்பொருளைக் கொண்டதாகவே இருந்தாலும், வேறொரு தயாரிப்பை மாற்றிக் கொடுப்பதைத் தடுக்கிறது. இதைப் படித்ததும் அந்த வசதியையே நீக்கும் திருத்தம் ஒன்றை அனுப்பினால் கென்யாவிலோ ஹெய்ட்டியிலோ இருக்கும் பயனருக்கு வேலை நின்றுபோகும். அமைவுக் கோப்பில் இயக்கவும் நிறுத்தவும் கூடிய ஒரு தெரிவாக அதை மாற்றி, இயல்பு நிலையில் பழைய நடத்தையே தொடரும்படி விடுவதுதான் சரியான பங்களிப்பு.

எச்1 பதிவேட்டுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அந்த அட்டவணையின்படி, சீட்டு எழுதியவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இதை மையத் தளத்தில் திணிக்காமல், வழங்கல் தரவிலிருந்து எடுக்கும் அறிக்கையாக, தனித் தொகுதியில் எழுதலாம். எந்த மருந்து எந்த அட்டவணையில் வருகிறது என்ற பட்டியலையும் நிரலுக்குள் எழுதாமல் தரவாக வையுங்கள். அரசு அதை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

வரியும் அப்படியே. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளின் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே நீங்கியது. விகிதத்தைத் தேதியோடு சேர்த்து வைத்திருந்த நிரல்களில் இதற்கு ஒரு வரி சேர்த்தால் போதும். இஆர்பிநெக்ஸ்ட்டின் பொருள் வரி அட்டவணையில் எந்தத் தேதி முதல் செல்லும் என்ற பெட்டி இருப்பது இதற்காகத்தான். பழைய விகிதத்தை அழித்துப் புதியதை எழுதினால், செப்டம்பர் முதல் வாரத்தில் விற்ற மருந்தை வாடிக்கையாளர் அக்டோபரில் திருப்பிக் கொடுக்கும்போது பில் இடிக்கும்.

நிரல் எழுதாதவர் செய்யக்கூடியவை

கவுன்ட்டரில் நிற்கும் மருந்தாளுநர் எழுதும் ஒரு தெளிவான வழு அறிக்கை, அவசரமாக எழுதிய நூறு வரி நிரலைவிடப் பயனுள்ளது. இருப்பு தப்பாக வருகிறது என்று மட்டும் எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பு, தொடக்க இருப்பு எவ்வளவு, எந்த அலகில் எவ்வளவு கொடுத்தீர்கள், திரை என்ன காட்டியது, என்ன காட்டியிருக்க வேண்டும், மீண்டும் செய்து பார்த்தபோதும் அதே விடை வந்ததா என்ற வரிசையில் எழுதுங்கள். மருந்துப் பெயர் தேடும் பெட்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் மருந்தாளுநர்தான் நன்றாகச் சோதிக்க முடியும். எம், ஈ, டி என்று மூன்று எழுத்துகளைத் தட்டியதும் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும், தொற்றுக்கான மெட்ரோனிடசோலும், இரத்த அழுத்தத்திற்கான மெட்டோபிரோலாலும் அடுத்தடுத்து வந்து நிற்கும் பட்டியலில், ஒரு வரி தள்ளி விரல் பட்டால் என்ன ஆகும் என்பதை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பும் பெரிய வேலை. ஓ3 இடைமுகத்தின் சரங்கள் டிரான்ஸ்ஃபெக்ஸ் தளத்தில் மொழிபெயர்க்கப்படுகின்றன; நிரல் திருத்தத்தில் ஆங்கிலக் கோப்பை மட்டும் மாற்ற வேண்டும், தமிழ்க் கோப்பைக் கையால் தொடக் கூடாது. மருந்து உட்கொள்ளும் குறிப்பைத் துண்டு துண்டாக ஒட்டிக் காட்டும் திரைகளைக் கண்டால், அதை முழு வாக்கியமாக, எண்களுக்கு இடம் விட்டு அமைக்கும்படி ஒரு வேலையைப் பதிவு செய்யுங்கள். ஆங்கில வரிசையில் ஒட்டிய துண்டுகள் தமிழில் சீட்டாக அச்சாகும்போது நோயாளிக்குப் புரியாது. பில் அச்சிடும் வெப்ப அச்சுப்பொறிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு உள்ளமைந்து இருப்பதில்லை என்பதால், தமிழ் வரிகளைப் படமாக மாற்றி அனுப்பும் வழி தேவைப்படும்.

எதைக் கொண்டுவரக் கூடாது

உண்மையான நோயாளியின் பெயர், மருந்துச் சீட்டு, பில் எண் ஆகியவை திரைப்பிடிப்பில்கூட (ஸ்கிரீன்ஷாட்) இருக்கக் கூடாது. நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட்டில் (Git) ஒருமுறை ஏறிய கோப்பு, பிறகு நீக்கினாலும் வரலாற்றில் தங்கிவிடும். சோதனைக்குக் கற்பனைப் பதிவுகளை உருவாக்கிக்கொள்ளுங்கள். பெயருக்குப் பதில் எண் போட்ட உண்மைத் தரவு கற்பனைத் தரவு ஆகாது.

வணிக மென்பொருளிலிருந்து எடுத்த மருந்துப் பட்டியலும், மருந்துகளுக்கிடையிலான எதிர்வினைப் பட்டியலும் உரிமச் சிக்கலைக் கொண்டுவரும். ஓப்பன்எம்ஆர்எஸ் மொசில்லா பொது உரிமம் 2.0இன் கீழ் வெளியாகிறது. அதோடு ஒத்துப்போகாத தரவைச் சேர்த்தால் திட்டம் முழுவதும் சங்கடத்திற்கு உள்ளாகும். எதிர்வினை எச்சரிக்கையை முதல் பங்களிப்பாக எடுத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். ஆதாரம், பராமரிப்பு, மருத்துவப் பொறுப்பு ஆகிய மூன்றும் அதில் கேட்கப்படும். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் இலவசமாகக் கொடுத்துவந்த எதிர்வினைச் சேவை 2024 ஜனவரியில் நிறுத்தப்பட்டபோது, அதை நம்பியிருந்த நிரல்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. பாதுகாப்புக் குறைபாடு எதையாவது கண்டால் பொதுப் பலகையில் எழுதாமல், திட்டம் அதற்கென வைத்திருக்கும் தனி வழியில் தெரிவியுங்கள்.

அனுப்புதலும் மறுபார்வையும்

உங்கள் திருத்தத்தைச் சேர்க்கும்படி கேட்கும் புல் ரிக்வெஸ்ட்டின் தலைப்பில் மாற்றத்தின் வகையும் ஜிரா எண்ணும் இருக்க வேண்டும். ஒரு திருத்தத்தில் ஒரே மாற்றம். வழியில் கண்ணில் பட்ட இடைவெளிகளையும் பெயர்களையும் சேர்த்துத் திருத்தினால் மறுபார்வையாளர் உண்மையான மாற்றத்தைத் தேட வேண்டியிருக்கும். திரை மாறுகிறதென்றால் முன்னும் பின்னும் எடுத்த படங்களை இணையுங்கள். சோதனை நிரலில் வழக்கமான நிலையோடு நின்றுவிடாமல், பிப்ரவரி மாதக் காலாவதி, பாதி அட்டை, இருப்பு பூஜ்யம், ஒரே மருந்தில் இரண்டு பேட்ச், திருப்பிக் கொடுத்த மருந்து ஆகியவற்றையும் எழுதுங்கள். திருப்பி வந்த மருந்து தானாக விற்பனை இருப்பில் ஏறக் கூடாது. மருந்தாளுநர் பார்த்து ஏற்கும் வரை அது தனியே நிற்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியின் உதவியோடு எழுதியிருந்தால், ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சொல்ல உங்களால் முடியுமா என்று பார்த்துக்கொண்டு அனுப்புங்கள். மறுபார்வையாளர் முதலில் கேட்பது, இந்த அளவு ஏன் முழு எண்ணாக இல்லை என்பது போன்ற கேள்வியாகத்தான் இருக்கும். அதற்கு மீண்டும் கருவியிடமே போய்ப் பதில் வாங்கி ஒட்டுவதை அவர் எளிதில் கண்டுகொள்வார்.

பதில் வர ஒரு வாரம் ஆகலாம். பலர் ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிறார்கள். அதன் பிறகு பணிவாக ஒரு நினைவூட்டல் போதும். இணைக்கப்பட்ட பிறகு சோதனைச் சேவையகத்தில் உங்கள் மாற்றம் வந்துவிட்டதா என்று நீங்களே ஒருமுறை மருந்து வழங்கிப் பாருங்கள், புதிய அமைவுத் தெரிவு ஏதும் சேர்த்திருந்தால் ஆவணப் பக்கத்திலும் அதை எழுதிவிடுங்கள். ஆவணத்தில் இல்லாத தெரிவை எந்த மருத்துவமனையும் இயக்கப் போவதில்லை. அடுத்த வெளியீட்டிற்குப் பின் அந்தத் திரையைப் பற்றி வழு அறிக்கை வந்தால் முதலில் பதில் எழுத வேண்டியவரும் நீங்கள்தான்.